மூச்சுக்கு ஒரு மாற்றுப்பாதை

வாளையாற்றுக் காட்டைக் கடந்து வண்டியில் வந்த நம் சங்கத்து அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். வாளையாற்றுக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் இடையே ஏ லைன், பி லைன் என இரண்டு இருப்புப்பாதைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, தனித்தனியே காட்டுக்குள் செல்கின்றன. ஒன்றில் பழுது பார்க்க வேண்டுமாயின் அதனை அடைத்துவிட்டு வண்டிகளை மற்றொன்றில் விடுவர். தண்டவாளத்தை அறுத்தெடுத்துப் புதியது பொருத்தி முடிக்கும் வரையில் கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே போக்குவரத்து தாமதப்படுமேயன்றி அற்றுப்போவதில்லை.

மனித உடலில் மூச்சு போய்வரும் வழிக்கு இத்தகைய இரண்டாம் பாதை கிடையாது. மூச்சுக்குழல் ஒன்றே ஒன்று. வளர்ந்தவர்க்கு அது ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளமும் கைப்பெருவிரல் பருமனும் உடையது. லாட வடிவான சுமார் 20 குருத்தெலும்பு வளையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நிற்பது. அடிமுனையில் இரண்டாகப் பிரிந்து வலப்புற, இடப்புற நுரையீரல்களுக்குச் செல்கிறது. இந்தப் பதினொரு சென்டிமீட்டரில் எங்கேனும் முற்றும் அடைபட்டால் மூளை நான்கைந்து நிமிடங்களுக்கு மேல் தாங்குவதரிது. ஆகவே இக்குழலை அறுத்துச் செப்பனிட முனையும் மருத்துவர்க்கு வேறெந்த உறுப்பிலும் இல்லாத இக்கட்டு ஒன்று நேர்கிறது. மயக்கத்தில் கிடப்பவர்க்குக் காற்றைச் செலுத்தும் குழாயும் இதன் வழியேதான் போக வேண்டும். கத்தியும் இதன்மீதே பட வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அடியிலுள்ள தண்டவாளத்தை மாற்றுக என்றால் எந்த இன்ஸ்பெக்டர் உடன்படுவார்?

இந்த இக்கட்டு எவ்வாறு தீர்ந்தது என்பதை இம்மலரில் எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். நம் குடியிருப்பில் வாழும் அம்மையார் ஒருவர்க்குத் தம்பி ஒருவர் உண்டு. போடிநாயக்கனூர்ப் பக்கத்தவர், உடும்பன்சோலை வட்டத்தில் ஏலத்தோட்ட வேலைக்குச் சென்றவர். பூச்சிமருந்து தெளிக்கையில் நஞ்சேறி மயங்கி விழுந்து, மூன்று வார காலம் செயற்கைச் சுவாசக் கருவியில் கிடந்து பிழைத்தார். வீடு திரும்பிச் சில வாரம் சென்றபின் அவர் மூச்சில் ஊதல் ஒலி ஒன்று கேட்கத் தொடங்கிற்று. இழுப்பு நோய் என்று கருதி இரண்டு மாதம் மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பின்னர்க் கோவையில் மருத்துவமனை ஒன்றில் உட்குழாய் விட்டுப் பார்த்தபோது மூச்சுக்குழல் பென்சில் பருமனுக்கும் கீழாகச் சுருங்கியிருப்பது தெரிந்தது. அறுவை செய்தே தீர வேண்டும். அப்போது எக்மோ என்னும் கருவியில் வைக்க நேரும் என்றார் மருத்துவர். அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் அம்மையார் கையொப்பமிட மறுத்து, தம்பியை அழைத்துக்கொண்டு இரவு வண்டியில் இங்கு வந்துவிட்டார்.

“அண்ணே, அந்த மிஷின்ல போட்டவங்க யாரு திரும்பி வந்திருக்காங்க?” என்று நம்மைக் கேட்டார்.

அவர் கேட்டதில் குற்றம் காண இயலாது. எக்மோ என்னும் சொல் தமிழர் வீடுகளுக்கு இருமுறை துயரச் செய்தியோடு வந்தது. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் மாலை முதலமைச்சர் ஜெயலலிதா அவர்களுக்கு இதயம் நின்று அக்கருவி பொருத்தப்பெற்றது. மறுநாள் இரவு அவர் மறைந்தார். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கொரோனா நோயால் நுரையீரல் பழுதுற்ற பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் அவர்கள் அதே கருவியின் துணையோடு வாரக்கணக்கில் போராடினார். செப்டம்பர் 25-ஆம் நாள் அவரும் மறைந்தார். நாள்தோறும் மருத்துவமனை அறிக்கையை எதிர்பார்த்து வானொலிப் பெட்டியையும் தொலைக்காட்சியையும் விட்டு அகலாதிருந்த நம் வீடுகளில் எக்மோ என்பது எமனுக்கு இன்னொரு பெயராகிவிட்டது. அம்மையாருக்கு விடை கூற வேண்டுமே என்று இக்கருவி பிறந்த கதையைத் தேடிப் படித்தோம். நாம் மருத்துவர் அல்லோம், பேரேடு எழுதுபவர். பிழை இருப்பின் கற்றோர் பொறுத்தருள்க.

கதை இலண்டன் மாநகரில் தொடங்குகிறது. 1667-இல் ராயல் சொசைட்டி அறிஞர் முன்னிலையில் ராபர்ட் ஹூக் என்பார் ஒரு நாயின் மார்பைத் திறந்து, நுரையீரலில் நுண்துளைகள் இட்டு, துருத்தியால் இடையறாது காற்றைச் செலுத்தினார். நுரையீரல் விரியவுமில்லை, சுருங்கவுமில்லை. காற்று மட்டும் ஒருபுறம் புகுந்து துளைகளின் வழியே வெளியேறியது. நாய் உயிரோடிருந்தது. மார்பு ஏறி இறங்குவதே உயிர் என்று எண்ணியிருந்தோர்க்கு, அசைவு தேவையில்லை, புதுக்காற்றே தேவை என்று அது காட்டிற்று. ஹூக்குடன் இத்தகைய சோதனைகளில் ஈடுபட்ட ரிச்சர்டு லோயர் 1669-இல் வெளியிட்ட நூலில், கறுத்த குருதி காற்றுப் பட்டதும் செந்நிறம் பெறுவதை விளக்கினார். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை தானே விளங்கும்: குருதிக்கு வேண்டியது காற்று, அதை எவ்விடத்தில் பெறுகிறது என்பது பொருட்டன்று. நுரையீரலுக்குள் பெறினும் சரி, உடலுக்கு வெளியே ஒரு கலத்தில் பெறினும் சரி.

இத்துணை எளிய உண்மை செயலுக்கு வர 284 ஆண்டுகள் ஆயின.

முதல் தடை, உடலைவிட்டு வெளியேறும் குருதி உறைந்துவிடும் என்பது. 1916-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர் குருதியை உறையச் செய்யும் பொருளைத் தேடிச் சென்று, உறையவிடாமல் தடுக்கும் பொருளைக் கண்டெடுத்தார். ஈரலிலிருந்து பெறப்பட்டதால் அதற்கு ஹெப்பாரின் என்று பெயரிட்டனர். தேடியதொன்று, கிடைத்ததொன்று, ஆனால் கிடைத்ததே பெரிது.

இரண்டாம் தடையைக் கடந்தவர் ஜான் கிப்பன். இவர் கதையைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். 1930-களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், நுரையீரலுக்குச் செல்லும் குழாயில் குருதிக்கட்டி அடைத்த பெண்மணி ஒருவரின் கட்டிலருகே இரவு முழுவதும் அமர்ந்து நாடியைக் குறித்துக்கொண்டிருக்கும் பணி இந்த இளம் மருத்துவர்க்கு இடப்பட்டது. அவர் குருதி கறுத்துக்கொண்டே வருவதைக் கண்ணால் கண்டார். அக்குருதியில் கொஞ்சத்தை இடைவிடாது வெளியே எடுத்து, காற்றூட்டிச் சிவக்கச் செய்து, மீண்டும் உள்ளே விட முடிந்தால் இவர் பிழைப்பாரே என்னும் எண்ணம் அவ்விரவில் எழுந்தது. காலையில் அறுவை நடந்தது, பெண்மணி பிழைக்கவில்லை. எண்ணம் மட்டும் பிழைத்தது.

கிப்பனும், ஆய்வுக்கூடத்தில் உடனுழைத்த அவர் துணைவியார் மேரியும் இதற்கென இருபது ஆண்டுகளுக்கு மேல் செலவிட்டனர். சோதனைக்கு வேண்டிய பூனைகளைக் கிப்பன் இரவில் பாஸ்டன் தெருக்களில் மீன் துண்டு காட்டிப் பிடித்தார் என்பர். 1935-இல் ஒரு பூனையின் இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையைத் தாம் அமைத்த கருவி செய்யக் கண்டனர். இடையே உலகப் போர் வந்து வேலையைக் கெடுத்தது. போருக்குப்பின் ஐ.பி.எம். நிறுவனத்துப் பொறியாளர் கைகொடுக்க, கருவி மனிதர்க்கு ஏற்ற உருப்பெற்றது. 1952-இல் முதன்முதலாகக் கருவியில் இணைக்கப்பட்ட குழந்தை இறந்தது. 1953-ஆம் ஆண்டு மே திங்கள் 6-ஆம் நாள் பிலடெல்பியா நகரில் 18 வயதுப் பெண் ஒருத்தியின் இதயச் சுவரிலிருந்த துளையைக் கிப்பன் தைத்து மூடினார். 26 நிமிட நேரம் அவள் இதயமும் நுரையீரலும் ஆற்ற வேண்டிய பணி முழுவதையும் இயந்திரம் ஆற்றிற்று. அவள் பிழைத்தாள்.

அவ்வாண்டு ஜூலையில் அதே இயந்திரத்தில் மேலும் இரு குழந்தைகளுக்கு அறுவை செய்தார், இரண்டும் மாண்டன. கிப்பன் மனமுடைந்து அத்தகைய அறுவையைத் தாம் செய்வதை நிறுத்திவிட்டார். வெற்றிச் செய்தியை மட்டும் எழுதும் நூல்கள் இதனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. இருபது ஆண்டு உழைத்துப் பெற்ற கருவியை, அதனால் குழந்தைகள் இறக்கின்றன எனக் கண்டபோது கீழே வைத்த அந்த மனிதர்மீது நமக்கு மதிப்பு மிகுகிறது.

அவர் வைத்ததைப் பிறர் எடுத்தனர். 1954 மார்ச்சில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லெஹை என்பார் இயந்திரத்தையே விலக்கி, தந்தையின் உடலையே கருவியாக்கினார். குழந்தையின் குருதி தந்தையின் உடலுக்குள் சென்று, அவர் நுரையீரலில் காற்றேற்றுக் குழந்தைக்கே திரும்பிற்று. அக்குழந்தை அறுவையைத் தாங்கியும் சில நாளில் நுரையீரல் அழற்சியால் இறந்தது. ஆயினும் இம்முறையில் 45 பேருக்கு அறுவை நடந்து, 28 பேர் பிழைத்து வீடு சென்றனர். பெற்றோர் ஒருவர் மேசையில் படுத்து மகவுக்காக மூச்சுவிட்ட அந்த ஓராண்டுக் காலத்தை என்னென்பது! விரைவில் நல்ல இயந்திரங்கள் வந்தமையால் அவ்வழக்கம் தேவையற்றதாயிற்று.

நம் நாடும் பின்தங்கிவிடவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பாஸ்டனிலிருந்து வந்த ரீவ் பெட்ஸ் என்பார் 1949-இல் மார்பு அறுவை மருத்துவத்துக்கெனத் தனித்துறை தொடங்கினார். 1960-களின் தொடக்கத்தில் வேலூரிலும் பம்பாயிலும் இதய–நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு அறுவைகள் நடைபெறலாயின. இரயில்வே குடும்பத்தினராகிய நாம் பெருமையோடு நினைக்க வேண்டியது ஒன்றுண்டு: 1975-இல், இந்தியாவில் முதலாவது என்று குறிக்கப்பெறும் இதயக் குழாய் மாற்றுவழி அறுவையை டாக்டர் கே. எம். செரியன் செய்தது நம் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில்தான். அவர் மலையாள மண்ணின் மகன். பெயர் பெற்றது தமிழ் மண்ணில். திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தாரோ டாக்டர் வலியத்தான் தலைமையில் குருதிப் பை, குருதிக்குப் பிராணவாயு ஊட்டும் கலம், இதய வால்வு ஆகியவற்றை இங்கேயே செய்யும் வழிகளைக் கண்டனர். அந்த வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதர்க்குப் பொருத்தப்பட்டது.

இவை யாவும் இதயத்துக்காக. மூச்சுக்குழலுக்கு வருவோம்.

மூச்சுக்குழல் சுருங்கும் நோய் பெருகியதற்கே ஒரு விந்தையான வரலாறு உண்டு. 1952-இல் டென்மார்க்குத் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலற்று நாள்தோறும் பலர் மாண்டனர். பியோர்ன் இப்சென் என்னும் மயக்க மருத்துவர், ஆகஸ்ட் 27-ஆம் நாள் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்திக் காப்பாற்றினார். அதன்பின் சுமார் 1500 மருத்துவ மாணவர் முறைவைத்து, இரவு பகலாகத் திங்கள் கணக்கில் நோயாளிகளின் அருகே அமர்ந்து பையை அமுக்கினர். பத்துக்கு எட்டுப்பேர் மாண்ட நிலை மாறி, பாதிக்கும் மேற்பட்டோர் பிழைத்தனர். மாணவர் கைக்குப் பதிலாக வந்ததே இன்றைய செயற்கைச் சுவாசக் கருவி.

உயிர்காத்த அக்குழாயே பின்னர் ஒரு தீங்கைச் செய்தது. காற்று பக்கவாட்டில் கசியாதிருக்கக் குழாயைச் சுற்றி ஒரு சிறு பலூன் ஊதி வைப்பர். அது குழலின் உட்சுவரை நாட்கணக்கில் அழுத்தினால் அவ்விடத்துக்குக் குருதி செல்லாது தசை மடியும். ஆறும்போது வடுவாகிச் சுருங்கும். பாஸ்டனில் ஹெர்மிஸ் கிரில்லோவும் அவர் மாணவர் ஜோயல் கூப்பரும் 1969 அளவில் இதனை மெய்ப்பித்து, குறைந்த அழுத்தத்தில் பரந்து நிற்கும் பலூனைப் பரிந்துரைத்தனர். அதனால் இத்தீங்கு குறைந்தது, ஒழியவில்லை.

மூச்சுக்குழலில் 2 சென்டிமீட்டருக்கு மேல் வெட்டியெடுத்தால் முனைகளை மீண்டும் இணைக்க இயலாது என்பதே முந்தைய மருத்துவர் கொள்கை. கிரில்லோ இறந்தோர் உடல்களில் பொறுமையாக அளந்து பார்த்தார். கழுத்தை முன்னால் வளைத்து, சுற்றியுள்ள கட்டுக்களைத் தளர்த்தினால் வளர்ந்தவர்க்குக் குழலில் ஏறத்தாழப் பாதியையும் எடுத்துவிட்டு இணைக்கலாம் என்று கண்டார். இணைத்த தையல் இழுபடாதிருக்க அவர் கையாண்ட உபாயம் மிக எளியது: மோவாய்க்கட்டைத் தோலை மார்புத் தோலோடு தடித்த நூலால் தைத்துவிடுவது! நோயாளி ஒரு வாரம் தலைகுனிந்தபடியே இருப்பார். அண்ணாந்து பார்க்க எண்ணினாலும் நூல் விடாது. இன்றும் அவ்வழக்கம் உண்டு.

அறுவையின்போது மூச்சுக்கு என்ன வழி? 1961-இல் பாஸ்டன் மருத்துவர் சிலர், குழல் இரண்டாகப் பிரியும் இடத்தை வெட்டியெடுக்கும் கடினமான அறுவைக்கு இதய–நுரையீரல் இயந்திரத்தைத் துணைகொண்டு, அச்செய்தியை வெளியிட்டனர். மூச்சுப்பாதை அறுவைக்கு உடலுக்கு வெளியே மாற்றுப்பாதை அமைத்த முன்னோடிகள் அவர்கள். ஆனால் கிரில்லோ அதனை விரும்பவில்லை. இயந்திரத்துக்கெனக் குருதியில் கலக்கும் ஹெப்பாரின் மிகுதியால், அறுத்த இடத்தில் குருதி நில்லாது கசிந்து நுரையீரலுக்குள் இறங்கும் என்பது அவர் அச்சம். அதற்குப் பதிலாக, குழலை அறுத்தவுடன் கீழ்முனையில் தூய குழாய் ஒன்றை நேரே செருகிக் காற்றைச் செலுத்தி, தைக்கும்போது அதனை எடுத்தும் வைத்தும் வேலையை முடித்தார். கேங்மேன் ஒருவர் வண்டி வருமுன் இரண்டு கட்டைகளை மாற்றி, விலகி நின்று வண்டியை விட்டு, மீண்டும் இறங்கி வேலை செய்வதை ஒத்தது அது. இன்றும் பெரும்பாலான மூச்சுக்குழல் அறுவைகள் அவ்வாறே நடக்கின்றன, இயந்திரம் வேண்டுவதில்லை. இதனை அம்மையாரிடம் முதலில் கூறினோம்.

இயந்திரமும் அங்கேயே நின்றுவிடவில்லை. பழைய கருவிகளில் குருதியும் காற்றும் நேரே கலந்தன. சில மணி நேரத்தில் குருதி அணுக்கள் சிதைந்தன. நெதர்லாந்தில் செயற்கைச் சிறுநீரகம் செய்த வில்லெம் கோல்ஃப், அதன் செலோபேன் சவ்வின் ஊடே செல்லும் குருதி சிவப்பதைக் கண்டார். காற்று ஒருபுறமும் குருதி மறுபுறமும் இருக்க, இடையே சவ்வு நின்றால் சிதைவு குறையும். இந்த வழியில் பிறந்த சவ்வு நுரையீரலோடு, 1971-இல் கலிபோர்னியாவில் டொனால்டு ஹில் என்பார் விபத்தில் சிக்கிய 24 வயது இளைஞரை 75 மணி நேரம் கருவியில் வைத்துப் பிழைப்பித்தார். மணிக்கணக்கு நாட்கணக்காயிற்று. அதுவே எக்மோ. 1975-இல் அதே மாநிலத்தில் ராபர்ட் பார்ட்லெட், தாய் விட்டுச்சென்ற பச்சிளங் குழந்தை ஒன்றை இதனால் காத்தார். செவிலியர் அக்குழந்தைக்கு எஸ்பெரான்சா என்று பெயரிட்டனர். ஸ்பானிய மொழியில் நம்பிக்கை என்பது பொருள்.

உடனே வெற்றி முரசு கொட்டிவிட வேண்டா. அமெரிக்காவில் 90 பெரியவர்களைக் கொண்டு செய்த ஆய்வு 1979-இல் வெளிவந்தது. எக்மோவில் வைத்தவரிலும் வைக்காதவரிலும் பத்துக்கு ஒன்பது பேர் மாண்டிருந்தனர். பெரியவர்க்கு இது பயனற்றது என்று பலரும் கைவிட்டனர். கருவி மெல்லத் திருந்தி, 2009-இல் இங்கிலாந்தில் 180 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு வெளிவந்தபோது, எக்மோ வசதியுள்ள இடத்துக்கு அனுப்பப்பட்டோரில் நூற்றுக்கு 63 பேர் ஆறு திங்கள் கழித்து முடமின்றி உயிரோடிருந்தனர். மற்றையோரில் 47 பேர். பெரிய வேறுபாடுதான், ஆயினும் அறுபத்து மூன்று நூறாகிவிடாது.

கருவி வேலை செய்யும் விதம் இதுவே. தொடையிலுள்ள பெரிய சிரையின் வழியே விரல் பருமனான குழாயைச் செலுத்தி, நிமிடத்துக்கு நான்கைந்து லிட்டர் அளவில் குருதியை வெளியே எடுப்பர். ஒரு சுழற்பம்பு அதனைச் சவ்வுக் கலத்துக்குத் தள்ளும். மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் அக்கலத்தில் உள்ளன. உள்ளே பிராணவாயு, வெளியே குருதி. கரியமிலவாயு நீங்கிச் சிவந்த குருதி கழுத்துச் சிரை வழியே உடலுக்குள் திரும்பும். இதயமும் தளர்ந்திருந்தால் தமனிக்குள் திருப்புவர். இறைவன் படைத்த நுரையீரலை விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பு. மனிதன் செய்த கலத்தில் 2 சதுர மீட்டர்கூட இல்லை. இருந்தும் மணிக்கணக்கில், வேண்டுமாயின் வாரக்கணக்கில், அது தாங்குகிறது. குழாய்களின் உட்புறத்தில் ஹெப்பாரின் பூசும் முறை வந்தபின் குருதியில் கலக்கும் அளவு மிகக் குறைந்தது. கிரில்லோவின் அச்சத்துக்குக் காலம் தந்த விடை அது.

எனவே மூச்சுப்பாதை அறுவைக்கு மாற்றுப்பாதை மீண்டும் வந்தது. எல்லோர்க்கும் அன்று, மிகக் குறுகிய குழலையுடைய சிலர்க்கே. பென்சிலினும் சிறுத்த வழியில் காற்றுக்குழாய் நுழையாது. மயக்க மருந்து கொடுத்துத் தசைகள் தளர்ந்தபின் நுழையவில்லை என்று தெரிந்தால் மீள வழியில்லை. அத்தகையவர்க்கு விழிப்போடு இருக்கும்போதே, இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து எக்மோக் குழாய்களைப் பொருத்தி, குருதிக்கு மாற்றுப்பாதை ஓடத் தொடங்கியபின்னரே உறங்கச் செய்கின்றனர். அதன்பின் மருத்துவர்க்கு அவசரமில்லை. பிறவியிலேயே குழல் குறுகிய குழந்தைகளுக்கும், குழல் பிரியும் இடத்தில் கட்டி வந்தவர்க்கும், நுரையீரல் மாற்றுவோர்க்கும் இது துணையாகிறது. அந்த நுரையீரல் மாற்றத்தை உலகில் நிலைபெறச் செய்தவர், 1983-இல் டொராண்டோவில் வெற்றிகண்ட ஜோயல் கூப்பர். பலூனின் அழுத்தத்தை அளந்த அதே மாணவர்.

குழலையே செயற்கையாகச் செய்து பொருத்திவிட்டால் என்ன என்று கேட்கலாம். 2011-இல் சுவீடனில் ஓர் அறுவை மருத்துவர் பிளாஸ்டிக் மூச்சுக்குழல் பொருத்தி உலகப் புகழ் பெற்றார். நோயாளிகள் மாண்டனர், 2023-இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பத் தீர்ப்பளித்தது. பழுதான இடத்தை எடுத்துவிட்டு உள்ளதையே இழுத்து இணைப்பதுதான் இன்றும் நம்பத்தக்க வழி.

இப்போது நம் எல்லைப்புறத்தை எண்ணிப் பார்ப்போம். ஏலத்தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் பூச்சிமருந்துப் புழக்கம் உண்டு. அந்நஞ்சு ஏறியவர்க்கு மூச்சுத் தசைகள் செயலற்று, வாரக்கணக்கில் குழாய் வைக்க நேர்கிறது. கொரோனாக் காலத்திலும் பலர் அவ்வாறு கிடந்தனர். பிழைத்து வீடு வந்தபின் சில வாரங்களில் மூச்சில் ஊதலோ, படியேறினால் இளைப்போ தோன்றினால் அது இழுப்புநோயாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. குழாயில் கிடந்த செய்தியை மருத்துவரிடம் நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். புதிய மருத்துவர்க்கு அது எவ்வாறு தெரியும்? பாலக்காட்டினர்க்குக் கோவை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இடுக்கித் தோட்டத்து மக்களுக்கோ மலையிறங்கித் தேனியோ மதுரையோ செல்ல வேண்டும். அன்றேல் மறுபுறம் கோட்டயமோ கொச்சியோ. இடுக்கி மாவட்டத்தில் இன்று ஓரடி இருப்புப்பாதையும் இல்லை. மூணாற்றுக் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயிலும் 1924 வெள்ளத்தில் போயிற்று. போடிநாயக்கனூருக்கு 2023 ஜூனில் மீண்டும் வந்த வண்டியே தோட்டத்து மக்களுக்கு ஓர் ஆறுதல்.

செலவையும் மறைக்கக் கூடாது. எக்மோ நாட்கணக்கில் நீடித்தால் செலவு பல இலட்சத்தைத் தொடும். அறுவை மேசையில் சில மணி நேரம் மட்டுமாயின் அவ்வளவு ஆகாது. குருதிக் கசிவு, உறைகட்டி, நோய்த்தொற்று ஆகிய அபாயங்களும் உண்டு.

அம்மையாருக்கு நாம் இறுதியாகக் கூறியது இதுதான். மறைந்த இருவர்க்கும் கருவி வந்தது, இதயமோ நுரையீரலோ ஏற்கெனவே கைவிட்டபின். அவை திரும்பத் தேறினாலன்றிக் கருவியை எடுக்க முடியாது. பாலசுப்பிரமணியம் அவர்கள் கிடந்த அதே சென்னை எம்.ஜி.எம். மருத்துவமனையில், அதே 2020 ஆகஸ்டில், கொரோனாவால் நுரையீரல் கெட்ட 48 வயதினர் ஒருவரும் எக்மோவில் இருந்தார். ஆகஸ்ட் 27-ஆம் நாள் டாக்டர் கே. ஆர். பாலகிருஷ்ணன் குழுவினர் அவர்க்கு இரண்டு நுரையீரல்களையும் மாற்றினர்; கருவி எடுக்கப்பட்டது. அவர்க்குத் திரும்பி வரப் புதிய பாதை ஒன்று கிடைத்தது. உங்கள் தம்பிக்கு நுரையீரலும் பழுதில்லை, இதயமும் பழுதில்லை. இடையே மூன்று சென்டிமீட்டர் பாதை மட்டுமே பழுது. “கருவியை எதற்காக வைக்கிறீர்கள், எப்போது எடுப்பீர்கள், எடுத்தபின் எதன் வழியே மூச்சு போகும்?” என்று மருத்துவரைக் கேளுங்கள், அவர் விடையைக் கேட்டபின் கையொப்பமிடுவதோ மறுப்பதோ உங்கள் விருப்பம் என்றோம்.

மறுவாரம் அக்காளும் தம்பியும் கோவை சென்றனர். அம்மையார் மூன்று வினாக்களையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தார். விடைகளைக் கேட்டபின் கையொப்பமிட்டார். விழிப்போடு இருக்கும்போதே தம்பிக்குத் தொடையிலும் கழுத்திலும் குழாய்கள் பொருத்தப்பட்டன. சுருங்கிய பகுதியை எடுத்துவிட்டு முனைகளை இணைத்தனர். கருவியில் இருந்தது மூன்று மணி நேரத்துக்குள். அறுவை அறையைவிட்டு வெளிவருமுன்னரே குழாய்கள் எடுக்கப்பட்டுவிட்டன. மோவாயை மார்போடு தைத்த நூலைக் கண்டுதான் அம்மையார் அதிகம் அழுதார். ஏழாம் நாள் அந்நூலை வெட்டினர். இப்போது அவர் மருந்து தெளிக்கும் வேலைக்குச் செல்வதில்லை; ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் எடைபோடும் வேலையில் இருக்கிறார். சென்ற பொங்கலுக்குக் குடியிருப்புக்கு வந்தவர், மேம்பாலப் படிகளை நிற்காமல் ஏறி மறுபக்கம் இறங்கினார். பின்னால் வந்த நமக்குத்தான் மூச்சு வாங்கிற்று.